ஈறில் இரத்தம் கசிவதற்கும் சர்க்கரை குறையாததற்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: எனக்கு வயது 52. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் தவறாமல் இருந்தும், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது, வலி இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? துலக்குவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: தொடர்பு இருக்கலாம், அதுவும் இருவழித் தொடர்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் கிருமிகளை எதிர்க்கும் திறன் குறைவதால், ஈறு நோய் விரைவாக ஆழத்துக்குப் பரவுகிறது. மறுபுறம், ஈறில் நாள்பட நீடிக்கும் அழற்சியால் உருவாகும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் செயல்பாட்டை மந்தப்படுத்துவதால், சரியாக மருந்து உட்கொள்பவர்களுக்கும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. வலி இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பல் ஆடத் தொடங்கும் வரைகூட இந்நோய் வலிக்காமல் இருக்கக்கூடும். புகைபிடிப்பவர்களுக்கு இரத்தக் கசிவே குறைந்து, நோய் வெளியில் தெரியாமல் போவதும் உண்டு.

துலக்குவதைக் குறைக்கவே கூடாது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலமே கசிவுக்குப் பெரும்பாலும் காரணம்; அது அகற்றப்படாவிட்டால் காரையாக இறுகிவிடும், பிறகு எந்தத் தூரிகைக்கும் அசையாது. மென்மையான தூரிகையால் நாளைக்கு இரு முறை, இரண்டு நிமிடங்கள், ஈறு விளிம்பை ஒட்டித் துலக்குங்கள். பல் இடுக்குகளையும் நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள்.

ஆனால் உங்கள் நிலையில் இது மட்டும் போதாது என்றே கருதுகிறேன். பல் மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான இடைவெளியின் ஆழத்தை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ஈறுக்கு அடியில் வேர்ப்பரப்பு வரை காரையை நீக்குவார். இச்சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் சர்க்கரைச் சராசரி சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அளவு சிறிதுதான் என்றாலும், 8-இல் நின்றுவிட்ட ஒருவருக்கு அது பொருட்படுத்தத்தக்கது. மருந்துக்கு அது மாற்று அல்ல.

ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. எனினும், ஈறுக்குச் சிகிச்சை அளித்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. புகைப்பழக்கம் போன்ற பொதுக் காரணங்களும் இதில் கலந்துள்ளன. அந்த வாக்குறுதியை நம்பிச் சிகிச்சைக்குப் போக வேண்டாம். உங்கள் பற்களுக்காகவும் சர்க்கரைக்காகவும் போங்கள்.

பல் மருத்துவரிடம் செல்லும் நாளில் உணவையும் மாத்திரையையும் தவிர்க்காதீர்கள். வெறும் வயிற்றில் சென்றால் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் அண்மைப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால், அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் வால்வைத் தாக்காதிருக்க, சிகிச்சைக்கு முன்பே அவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

இச்சிகிச்சை பெறுவதைச் சர்க்கரை மருத்துவரிடமும் தெரிவித்து, மூன்று மாதம் கழித்துச் சராசரியை மீண்டும் பார்த்து, மருந்தின் அளவை அவரே முடிவு செய்யும்படி விடுங்கள்.