கொரோனா பேட்ச் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மாமனார் கொரோனா வார்டில் கிடந்த நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ‘முகம் தெரியாத நர்ஸ் பெண்கள்’ என்று அதில் ஒரு வரி. நானும் அப்படி ஒருத்திதான்.

2017இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். மூன்றாம் வருடம் படிக்கும்போது, 2020 மார்ச்சில் கல்லூரியை மூடிவிட்டார்கள். கோபிப் பக்கம் எங்கள் ஊரில் வாய்க்கால் மேட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து போனில் பாடம் கேட்டேன். தம்பி தலையில் கட்டுப் போட்டு வீடியோ அனுப்பினேன், அதற்கு மார்க்கும் வந்தது. பிரசவ போஸ்டிங்கில் இருபது பிரசவம் பார்த்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். நான் பார்த்தது ஏழு. மீதி எப்படி நிரம்பியது என்று உங்களுக்கே புரியும். இரண்டாம் அலையில் நேராகக் கொரோனா வார்டில் விட்டார்கள். இப்போது திருப்பூரில் வேலை. கொஞ்சம் தடுமாறினாலும் சீனியர் சிஸ்டர், “கொரோனா பேட்ச்சா, அதான்” என்கிறார். நாங்கள் அரைகுறைகளா அண்ணா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

‘முகம் தெரியாத’ என்று நான் எழுதியது பாதிதான் சரி. முகம் தெரியாவிட்டாலும் மாமனாருக்கு ஒரு பெண்ணின் பெயர் தெரியும். கவச உடையின் முதுகில் மார்க்கரால் எழுதியிருந்ததாம். கடைசி வருட மாணவி.

2021 மே மாதம் அது. தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியது அந்த மாதக் கடைசியில்தான். பெட்டுக்காக ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருந்தோம். கிடைத்த இடத்தில் அந்தப் பெண் மாமனாருக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்திவைக்கும் சின்னக் குழாய்) போட மூன்று முறை குத்தினாள். அவர் போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் இருபது வருடம் நர்ஸாக இருக்கும் சித்தி மகளிடம் புலம்பினேன். அவள் சொன்னாள்: “ரெண்டு கையுறை போட்டு, ஷீல்டும் ஆவியடிச்சா எனக்கும் நரம்பு சிக்காதுங்க அண்ணா. அதைக் கண்ணால தேடறதில்ல, விரலால தேடறது.” அந்த விரல் பழக வேண்டிய வருடத்தில் அந்தப் பெண்ணும் எந்த வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தாளோ.

ஆனால் அவளுக்கு வேறொன்று கைவந்திருந்தது. மாமனார் நெம்பப் பிடிவாதக்காரர். ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுவார், ஆக்சிஜன் ஏறக் குப்புறப் படுக்கச் சொன்னால் படுக்க மாட்டார். அவள் “அப்பாரு, அரை மணி நேரம் படுங்க, உங்க தோட்டத்துக் கதையச் சொல்லுங்க” என்று பக்கத்திலேயே நிற்பாளாம். தொண்ணூறைத் தொடாத சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, மெல்ல ஏறியது. ஒரு ராத்திரி பக்கத்து பெட்காரர் போய்விட்டார். அவரைத் துணியில் சுற்ற ஒரு வார்டு அண்ணனும் அவளும் மட்டும். மற்ற காலத்தில் முதல் சாவைப் பார்க்கும் மாணவியை ஒரு சிஸ்டர் வெளியே கூட்டிப்போய் டீ வாங்கித் தந்திருப்பார். பரீட்சைக்குக் காத்திருக்கும் கடைசி வருட மாணவிகளை மூத்தவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்தலாம் என்றுதான் அந்த மே மாதம் மத்திய அரசு சொன்னது. அங்கே ராத்திரியில் இரண்டு வார்டுக்கு ஒரே சிஸ்டர். டியூட்டி போடும்போது நர்ஸ், சம்பளம் கேட்டால் மாணவி. இதற்குச் ‘சேவை’ என்று பேர் வைத்துக் கைதட்டியதில் நானும் ஒருவன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விட்டுப்போன அந்தப் பதின்மூன்று பிரசவம் நிஜமான குறைதான். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் போய் ஊரடங்கைக் காரணம் சொல்ல முடியாது. லேபர் ரூம் டியூட்டி கேட்டு வாங்குங்கள். “ஏழுதானுங்க பார்த்திருக்கேன் சிஸ்டர், கூட நிக்கட்டுங்களா?” என்று அந்தச் சீனியரிடமே கேளுங்கள். கிண்டல் செய்வாரோ என்னவோ, எனக்கென்னவோ சொல்லித் தருவார் என்றுதான் படுகிறது. உங்களைக் கொரோனா பேட்ச் என்கிறார்கள். பார்க்காத பதின்மூன்றுக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் இதுவரை யாரும் பேர் வைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். “அந்த அம்மிணிதானா இது?” என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இருக்காது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். ஜன்னலோர பெட், மாத்திரைக்கு முன்னால் கருப்பட்டிக் காபி கேட்டு அடம்பிடித்த கிழவர். ஞாபகம் வந்தால் ஒரு வரி எழுதுங்கள்.