ஐராவதிக் கரையில் ஒரு பென்னாகரத்துக்காரர் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா 1930களில் ஒரு கங்காணியோடு மலேயாவுக்குப் போனவர். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு தம்பியைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவே இல்லை. தாத்தா நேதாஜி படையில் சேர்ந்து பர்மா வரை போய், சண்டை முடிந்து சில வருடம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போட்டார். கூட இருந்தவரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். யாரிடம் போய் வாங்குவது?

மாட்டைத் திருப்பும்போது இந்தியில் அதட்டுவார். சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளி போடுவார், ஆனால் ஒரு துண்டுகூட வாயில் வைக்கமாட்டார். சண்டையைப் பற்றிக் கேட்டால், பர்மாவில் ஓடும் ஐராவதி ஆற்றை நினைத்து, "ஐராவதி மணல்ல கையத் தூக்கிட்டு நின்னோம்" என்பதோடு சரி.

இப்போது எங்கள் நிலத்தில் அவர் சமாதிக்குக் கல் வைக்கலாம் என்று பேச்சு. 'நேதாஜியின் மாவீரர்' என்று போட வேண்டும் என்கிறார் பெரியப்பா. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவோ, "சோத்துக்குத்தான் சேர்ந்தாரு, ஜப்பான்காரன் பக்கம் நின்னாரு, கடைசியில சரண்டர் ஆனாரு, கல்லு எதுக்கு?" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

அன்புள்ள நண்பருக்கு,

கல் வையுங்கள். சித்தப்பா சொன்ன மூன்றும் நடந்தவையாகவே இருக்கட்டும். அந்த மூன்றையும் தெரிந்துகொண்டே கல் வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் சோறு. மலேயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்த பிறகு அந்த வரத்து சுருங்கியது. ரப்பரை வாங்க ஆள் இல்லை, துரைமார் ஓடிப்போனார்கள், லயத்தில் (தோட்டத்துக் குடியிருப்பில்) இருந்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் அந்த மூன்றரை வருடத்தை ஓட்டினார்கள். தாத்தா ஏன் கிழங்கைத் தொடவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மூன்று வேளைச் சோறு போடும் படை ஒன்று வந்தால் அதில் சேராமல் இருப்பவன் யார்?

ஆனால் வயிறு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் தாத்தா இருந்தது சிலாங்கூர். 1941இல், ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதம் முன்பு, அங்கே கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். தோட்டத்துப் பெண்களிடம் தொந்தரவு செய்வதை நிறுத்து என்றார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பட்டாளத்தை இறக்கினார்கள், சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். தலைவராக இருந்த ஆர். எச். நாதனை நாடுகடத்தினார்கள். சைக்கிளை விட்டு இறங்கி நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து சொந்தக் காசில் வாங்கிய வண்டியில் வருகிறீர்கள். எதிரே ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தவுடன் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். இதைத் தினமும் செய்தவர்களிடம்தான் 1943 ஜூலையில் போஸ் வந்து நின்றார். இந்துஸ்தானியில் பேசினார், தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். பால்வெட்டும் கத்தி பிடித்த கைகளைத் துப்பாக்கி பிடிக்க அழைத்தார். பசியும் ரோஷமும் சேர்ந்துதான் ஒரு ஆளைக் கிளப்பும். இதில் எது எவ்வளவு என்று நாம் எப்படிப் பிரிப்பது?

இரண்டாவது, ஜப்பான்காரன் பக்கம் நின்றது. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது இதுதான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர், அதில் மலேயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். தம்பியைக் கொண்டுபோனது எந்த ராணுவமோ, அந்த ராணுவத்தின் கூட்டாளிப் படையில் அண்ணன் நின்றார். படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் உண்டு. உங்கள் தாத்தா எதை நினைத்துச் சேர்ந்தார் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்த இளைஞனுக்கு முன்னால் நல்ல வழி ஒன்று இருந்தது போலவும், அவர் அதை விட்டுவிட்டு வந்தது போலவும் சித்தப்பா பேசுவது நியாயமில்லை. தம்பியை இழந்தவர் எஞ்சிய காலம் முழுக்க இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார்.

மூன்றாவது, சரண்டர். ஐராவதி மணல் என்று அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், 1945 பிப்ரவரியில் நியாங்ஊ, பகான் பகுதியைக் காத்த, நேதாஜி படையின் நேரு படைப்பிரிவாக இருக்கலாம். மலேயாவில் சேர்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் அதில் நிறைய இருந்தார்கள், குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமை. பிப்ரவரி 14 விடியலில் பிரிட்டிஷ் தரப்பின் 7ஆவது இந்திய டிவிஷன் படகில் ஆற்றைக் கடந்தது. நியாங்ஊவில் முதலில் வந்த படகுகள் சூடு தாங்காமல் திரும்பின. பிறகு விமானமும் பீரங்கியும் டாங்கியும் வந்தன. கரையில் இருந்தவர்களிடம் அவற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. பகானில் வெள்ளைக்கொடி ஏறியது. அதற்கு முந்தைய வருடம் இம்பாலில் தோற்று, மலேரியாவும் வயிற்றுப்போக்குமாக மழையில் திரும்பி வந்தவர்களை இவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். அங்கே கையைத் தூக்கியதை ஒளிக்காமல் பேரனிடம் சொன்ன மனிதர் உங்கள் தாத்தா. அதை நீங்கள் மறைக்க வேண்டாம்.

எதிர்க்கரையிலிருந்து வந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள்தான். பர்மா போரில் பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை இருந்தது. நம் பழைய சேலம் ஜில்லாவிலிருந்து ஒருவர் மலேயாவுக்கும் ஒருவர் பெங்களூருக்கும் பிழைக்கப் போய், இருவரும் பர்மாவில் எதிரெதிரே நின்றிருக்க முடியும். பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு இறந்து, இந்தியர்கள் உட்பட, கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு ரங்கூனுக்கு வெளியே நினைவுத்தூண்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். நேதாஜி படையான இந்திய தேசிய ராணுவத்தில் செத்தவர்களுக்குச் சிங்கப்பூரில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவிடத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்த கையோடு செப்டம்பரில் இடித்துவிட்டார்கள்.

நம் மாவட்டத்தில் இதற்கு வேறு வழக்கம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் நிற்கும் பல்லவர் காலத்து நடுகற்களைப் பாருங்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், அவன் பெயர், எந்தப் பூசலில் பட்டான் என்று இருக்கும். பசுக்கூட்டத்தை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, அதைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. அந்தக் கற்களைத்தான் இன்றைக்கும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். எந்தப் பக்கம், ஜெயித்தானா என்று கேட்டுவிட்டு யாரும் கற்பூரம் ஏற்றுவதில்லை.

பென்ஷன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972இல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஜெயில் பதிவையும், அது இல்லாவிட்டால் உடனிருந்த கைதியின் சான்றையும் கேட்டது. ஈப்போவிலும் கிள்ளானிலும் ராமநாதபுரத்திலும் சிதறிப்போனவர்களை ஒரு பென்னாகரத்து விவசாயி எங்கே தேடுவார்? பென்ஷன் கிடைக்காததை வைத்து அவரை எடைபோட வேண்டாம்.

கல்லில் 'மாவீரர்' வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர். மலேயா போன வருடம், தெரிந்தால் தோட்டத்தின் பெயர். இந்திய தேசிய ராணுவ வீரர், ஐராவதிக் கரை, 1945. ஊர் திரும்பிய வருடம், இறந்த தேதி. அதற்குக் கீழே தம்பியின் பெயரையும் கட்டாயம் வெட்டுங்கள்: சயாம் ரயில்பாதையில் காணாமல் போனவர் என்று. அவருக்கு இந்த உலகத்தில் வேறு எங்கும் கல் இருக்கப்போவதில்லை.

வீட்டில் வயதான அத்தைமார் யாராவது இருந்தால், கல் தச்சரிடம் போவதற்கு முன்னால் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரும் தம்பியின் முழுப் பெயரும் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். மலேசியாவில் இருக்கும் நண்பர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.