அட்டை என் பெயரில், பொருள் மாமியாருக்கு

கேள்வி: என் மாமியார் தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சிகளைப் பார்த்து, என் கடன் அட்டை எண்ணைச் சொல்லி மாதம் ஏறக்குறைய 240 ரிங்கிட்டுக்குப் பொருள் வரவழைக்கிறார். பாக்கி 6,400 ரிங்கிட். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் குறையவில்லை. கடைசியாக வந்த மசாஜ் கருவியோ ஒரே மாதத்தில் நின்றுவிட்டது. ‘இப்போது வாங்கி, பிறகு செலுத்தும்’ திட்டத்துக்கு மாறலாமா?
- ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கடிதம் முழுக்க மாமியாரைப் பற்றியே வருந்தியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது, குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் அந்த மாதக் கடமை முடிந்துவிட்டதாக நீங்கள் எண்ணுவதுதான். தோராயமாகக் கணக்குப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5 விழுக்காடு; 6,400-க்கு அது 320 ரிங்கிட். அதில் 96 ரிங்கிட் அந்த மாத வட்டிக்கே போக, அசலில் கழிவது 224. அதே மாதம் 240 ரிங்கிட்டுக்குப் புதிய பொருள் வந்து சேர்கிறது. நீங்கள் 320 கட்டிய பிறகும் கடன் 16 ரிங்கிட் ஏறியிருக்கிறது.

மாமியாரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. 1984-இல் அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்டதும் அரைமணி நேர விளம்பரங்கள் அங்கே பெருகின. எந்த ஒளிபரப்புக்கு எத்தனை அழைப்புகள் வந்தன என்று எண்ணிப் பார்த்தே இத்தொழில் தன் பேச்சைத் தீட்டிக்கொண்டது. பழைய விலையை அடித்துக் காட்டுவதும், திரையோரத்தில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருவதும், இரண்டாவது வாணலி இலவசம் என்பதும், பார்ப்பவர் யோசிக்கும் முன் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பதற்காகவே. பகல் முழுதும் வீட்டில் இருக்கும் முதியவர் அதில் மயங்குவது வியப்பல்ல.

‘பிறகு செலுத்தும்’ திட்டம் தயவுசெய்து வேண்டாம். எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதற்காக உங்கள் கடன் குறையப்போவதில்லை; அட்டையில் ஏறும் பாக்கி இன்னொரு செயலியில் ஏறும், அவ்வளவே.

வங்கியிடம் புதிய அட்டை எண் கேட்டு வாங்குங்கள். அதை வீட்டில் எவரிடமும் சொல்லாதீர்கள். இதை மாமியாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் வாயால் வந்தால் மனத்தாங்கலாகிவிடும். மிச்சமாகும் 240-ஐயும் சேர்த்து மாதம் 560 கட்டினால் சுமார் 13 மாதங்களில் கடன் தீரும். அதுவும் இயலாதென்றால் மத்திய வங்கி அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே-யின் (AKPK) இலவச ஆலோசனையை நாடுங்கள். நின்றுபோன கருவிக்கு விற்பனையாளர் பொறுப்பேற்க மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் இன்றே தேடி எடுத்து வையுங்கள்.