வண்டி மோதிக் கால் ஒடிந்த அம்மா: சமரசத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. திருச்சியில் தெருத் தெருவாகப் பூ விற்பவர். ஐந்து வாரங்களுக்கு முன் சாலையைக் கடந்தபோது மோட்டார் சைக்கிள் மோதி வலது கால் எலும்பு முறிந்தது. ஓட்டிவந்த இளைஞரே மருத்துவமனையில் சேர்த்தார். இப்போது, "போலீஸ் வேண்டாம், 20,000 ரூபாய் தருகிறேன், வழக்கு இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார். அம்மா கடந்த இடத்தில் ஜீப்ரா கோடு இல்லை. இழப்பீடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவச் செலவுக்கென்று அவர் தரும் பணத்தை வாங்கினால், ரசீதில் அந்தக் காரணத்தை மட்டும் எழுதுங்கள். அந்த இளைஞரைக் கடனாளியாக்கிவிடுவோமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது அவர் அல்ல, காப்பீட்டு நிறுவனம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியதே, உங்கள் அம்மாவைப் போலச் சாலையில் நடப்பவர்களையும் மனதில் வைத்துத்தான்.

முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஏ.ஆர். காப்பி என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். சேர்த்தவர் மோதியவரே என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். நான் நடத்திய ஒரு வழக்கில் அந்தப் பதிவேட்டில் இருந்தது ஒரே வரி: "வாசற்படியில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது." இரவுப் பணி மருத்துவர் கேட்டபோது கூட வந்தவர் சொன்ன பதில் அது. காயம்பட்ட அம்மாள் அப்போது வலியில் கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அவரைக் கூண்டில் நிறுத்தி நெடுநேரம் குறுக்கு விசாரணை செய்தார். உங்கள் நகலிலும் அப்படி ஏதாவது இருந்தால் பயப்பட வேண்டாம். அதைச் சொன்னது யார், அம்மா அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பதைப் போலீஸ் புகாரிலேயே எழுதிவிடுங்கள். விபத்தைப் பார்த்த கடைக்காரர் யாராவது இருந்தால் அவரைச் சாட்சியாகச் சேருங்கள். அருகில் கண்காணிப்பு கேமரா இருந்தால் இன்றே கேளுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துகொண்டே இருக்கும்.

ஐந்து வாரம் கடந்துவிட்டாலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள் இதற்குப் பொருந்தும். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரமென்றால் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நாள் கணக்கு முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. கையில் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கும்போது நீங்கள் அந்த வழக்குகளின் முடிவை நம்பி இருக்கத் தேவையில்லை. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

மனுவை எந்தப் பிரிவில் போடுவது என்பதில்தான் பலர் நட்டப்படுகிறார்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின் கீழ், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். 166ஆம் பிரிவில் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால் தொகைக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. உங்கள் அம்மாவுக்கு எதில் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர் இனி எப்படி நடப்பார் என்பதைப் பொறுத்தது.

மருத்துவச் சான்றில் எழுதும் ஊன விழுக்காடு வேறு, பிழைப்பில் ஏற்படும் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ராஜ்குமார் வழக்கில் விளக்கியது. கையை இழந்த தச்சருக்கும் அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கும் இழப்பு ஒன்றல்ல என்பது அந்தத் தீர்ப்பின் உதாரணம். உட்கார்ந்து பூக் கட்டுபவருக்கும் கூடையைச் சுமந்து தெருத் தெருவாக நடப்பவருக்கும் அதே வித்தியாசம் உண்டு. இதை மனுவில் விரிவாக எழுதச் சொல்லுங்கள். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். தீர்ப்பாயமே ஒரு தொகையை உத்தேசமாக நிர்ணயிக்கும். பேச்சுக்கு மாதம் 12,000 ரூபாய், பிழைப்பு இழப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு இழப்பை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 51 முதல் 55 வயதுக்கான அந்தப் பெருக்கு எண் 11. அந்தக் கணக்கில் வருமான இழப்பு மட்டுமே 4,75,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, வேதனைக்கான தொகை தனி. அதனால் கால் முழுவதும் கூடினபிறகு மருத்துவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, கெடு தாண்டாமல் முடிவெடுங்கள்.

ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் கடந்தது அம்மாவின் உரிமையைப் பறித்துவிடாது. அவர் மீதும் கொஞ்சம் கவனக்குறைவு என்று தீர்ப்பாயம் கருதினால் தொகையில் ஒரு பங்கைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அருகில் கடக்கும் இடமே இல்லை, நடைபாதையைக் கடைகள் அடைத்திருக்கின்றன, தெருவிளக்கு எரியவில்லை என்றெல்லாம் இருந்தால் இப்போதே படம் எடுத்து வையுங்கள். ஓட்டியவரிடம் உரிமம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தை முதலில் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிடுவார்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு தனக்கு என்று பேரம் பேசும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. போகும்போது ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீதுகள், மருத்துவமனைக்குப் போய்வந்த ஆட்டோச் செலவின் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.