வெயிலில் நடந்தும் வைட்டமின் டி ஏன் குறைகிறது?

சிறுநீரகம்: வாசகர் கேள்விகளுக்குச் சிறுநீரக மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. கிரியாட்டினின் 2.6, சிறுநீரில் புரதமும் போகிறது. வைட்டமின் டி பார்த்ததில் 11 என்று வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு நடப்பவருக்கு எப்படிக் குறைந்தது? டாக்டர் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் எழுதியிருக்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அத்தையோ, "கிட்னி கெட்டவங்களுக்கு அது வேலைக்காகாது, நான் போடுற கால்சிட்ரியால் மாத்திரையைக் கொடு" என்கிறார். எதைக் கொடுப்பது, டாக்டர்?
– வாசகி, திருப்பூர்

பதில்: டாக்டர் எழுதியதையே கொடுங்கள், அம்மா. அத்தையின் மாத்திரை அப்பாவுக்கு வேண்டாம். அத்தை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் விளக்கமாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் நடை. காலை ஆறு மணி வெயில் உடம்புக்கு இதம்தான். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அந்நேரத்தில் கிட்டத்தட்ட இருக்காது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதுமான அளவுக்குக் கிடைக்கும். கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் அந்தக் கதிரை விடாது. அதற்காக அப்பாவை உச்சி வெயிலில் மொட்டை மாடிக்கு அனுப்பிவிடாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கலாம். சுடுகிற தரை கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது. அதோடு, வைட்டமின் டியை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதமும் சிறுநீரில் ஒழுகும் புரதத்தோடு சேர்ந்தே போய்விடுகிறது. அவர் அளவு குறைய அதுவும் ஒரு காரணம்.

இப்போது அத்தை சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். வெயிலிலோ மாத்திரையிலோ கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் அதை ஒருமுறை மாற்றிச் சேமிப்பு வடிவமாக்குகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 11 அந்தச் சேமிப்பின் அளவு. அதைச் சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றினால்தான் கால்சிட்ரியால் என்ற வேலை செய்யும் வடிவம் கிடைக்கும். 1970-ல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசர், கோடிசெக் என்ற இருவர், சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளில் இந்தக் கடைசி மாற்றம் நடக்கவில்லை என்று காட்டினார்கள். குதிரில் நெல் இருந்தாலும் குத்தி அரிசியாக்க ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள் சிறுநீரகம்.

அப்பாவின் ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் வயதையும் வைத்துப் பார்த்தால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் 27 அளவில் இருக்கும். அது சிறுநீரக நோயின் நான்காம் நிலை. குத்துகிற வேலை மந்தமாகியிருக்கும், நின்றுபோகவில்லை. ஆனால் அவரிடம் நெல்லே குறைவு. வைட்டமின் டி 20-க்குக் கீழே போனால் யாருக்குமே அது பற்றாக்குறைதான். ஆகவே முதலில் சேமிப்பை நிரப்ப வேண்டும். கேடிஐஜிஓ என்ற உலகளாவிய சிறுநீரக அமைப்பின் 2017 வழிகாட்டுதலும், பற்றாக்குறையை மற்றவர்களுக்குச் செய்வது போலவே சரிசெய்யச் சொல்கிறது. டயாலிசிஸுக்கு வராதவர்களுக்குக் கால்சிட்ரியாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. நான்காம், ஐந்தாம் நிலையில் பாராதைராய்டு ஹார்மோன் (பிடிஹெச்) மிகவும் கூடி, மேலும் ஏறிக்கொண்டே போனால் மட்டும்தான் அதைத் தொட வேண்டும். ஏனென்றால் கால்சிட்ரியால் ரத்தத்தில் கால்சியத்தைச் சட்டென்று ஏற்றிவிடும்.

வைட்டமின் டியை மட்டும் தனியாகப் பார்த்துக் கவலைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. கால்சியம், பாஸ்பரஸ், பிடிஹெச் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளரும்போது பாஸ்பரஸ் தேங்கப் பார்க்கிறது. அதை வெளியேற்ற எலும்பு எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதே ஹார்மோன் சிறுநீரகத்தில் கால்சிட்ரியால் உற்பத்தியைக் குறைக்கிறது. கால்சியம் இறங்கப் பார்க்கும். உடனே பிடிஹெச் ஏறி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். இவ்வளவும் நடக்கையில் ரத்தத்தில் பாஸ்பரஸ் பல நாள் சரியாகவே காட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான். 60,000 யூனிட்டைத் தினமும் போட்டுக்கொண்டு, கால்சியம் தாறுமாறாக ஏறி வருபவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். டாக்டர் சொன்ன வாரங்கள் முடிந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி அளவு பார்க்க வேண்டும். ஆறு லட்சம் யூனிட் ஊசியை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். மூட்டு வலிக்கென்று வாங்கும் கால்சியம் மாத்திரைகளிலும் வைட்டமின் டி இருக்கும், அட்டையைப் பாருங்கள். அதிக தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பமான பேச்சு வந்தால் அன்றே கால்சியமும் கிரியாட்டினினும் பாருங்கள்.

இதனால் கிரியாட்டினின் இறங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இறங்காது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. சிறுநீரகத் திறன் குறைவதில் அது வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சிறுநீரகத்தைக் காக்கச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புரத ஒழுக்கு இவற்றுக்கான மாத்திரைகளை விடாமல் போட வேண்டும். வைட்டமின் டியை எலும்புக்காகவும் தசைக்காகவும் கொடுக்கிறோம்.

கேள்வி: வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். பிடிஹெச் 780. ஆனாலும் டாக்டர் கால்சிட்ரியாலை நிறுத்திவிட்டார். பாஸ்பரஸ் 7.1 ஆக இருக்கிறதாம். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பயப்பட வேண்டாம், ஐயா. அவர் செய்தது சரி. கால்சிட்ரியால் குடலிலிருந்து கால்சியத்தோடு பாஸ்பரஸையும் உள்ளே இழுக்கும். இரண்டும் கூடினால் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிற ஆபத்து அதிகமாகும். 780 அதிகம்தான், ஆனால் பாஸ்பரஸ் இறங்கிய பிறகு மறுபடி தொடங்கலாம்.

உங்கள் ஊரில் மீனை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? விடவும் வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் தேவை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, கருவாடு, கோலா பானம், பாக்கெட் இறைச்சி, பதப்படுத்திய சீஸ், இவற்றை நிறுத்துங்கள். பாஸ்பேட் சேர்த்துச் செய்த பாக்கெட் உணவுகளில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் முழுதாகவே ரத்தத்தில் சேரும். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போட்டால் பயனில்லை. சோற்றோடு சேர்த்தே போடுங்கள். வெளியே விருந்துக்குப் போனாலும் சட்டைப்பையில் இருக்கட்டும்.