ஜூலையில் கோவளம்: பையன் கடலில் இறங்கலாமா?

கிணற்றில் நீந்திப் பழகிய பத்து வயதுப் பையன் ஜூலையில் கேரளத்துக் கோவளம் கடலில் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, ஜூலையில் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று அடங்கும் செப்டம்பர் வரை அங்கே அலை முரடாக இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் மணலோடு சரி.

அப்புறம், இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் இழுப்பு, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம். குளிக்க வாகான இடம் போலத் தோன்றும், அதுதான் வம்பு. மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்துவிடுவோம். கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகே திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி லைஃப்கார்டை அழைக்கட்டும்.

கிளம்பும் காலையில் கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையமான இன்கோயிஸ் (INCOIS), கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது தொலைதூரக் கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும் என்ற எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே வந்துவிடும் அது.