100 டாலரும் 5/10 சென்ட் மேசையும்

இன்னும் சின்னத் தொகைக்கு ஆடும் மேசைக்கு இறங்குங்கள், இதே மேசையில் மூன்றாவது தடவை பணம் போட வேண்டாம். ஆன்லைன் போக்கரில் 100 டாலர் போட்டு 5/10 சென்ட் கேஷ் கேமில் (நேரடியாகப் பணம் வைத்து ஆடும் மேசை) இரண்டு முறை காலியானது என்கிறீர்கள். 5, 10 சென்ட் என்பவை ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு பார்க்கும் முன்பே இருவர் வைக்க வேண்டிய ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும். அங்கே 100 பிக் பிளைண்டுடன் உட்கார 10 டாலர் வேண்டும், அப்படியானால் உங்களிடம் இருந்தது பத்து பை-இன்தான் (பை-இன் என்பது ஒரு முறை மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை), நன்றாக ஆடுகிறவருக்கே ஒரு கெட்ட வாரத்தில் அது போய்விடும். 1/2 சென்ட் மேசையில் பை-இன் 2 டாலர், அதே 100 டாலர் ஐம்பது பை-இன் ஆகிவிடுகிறது. பொழுதுபோக்காக ஆடுகிறவருக்கும் முப்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

அப்புறம் ஒன்று பாருங்கள். ஹேண்ட் ஹிஸ்டரியை (ஆடிய ஆட்டங்களின் பதிவு) திறந்து, கையிலிருந்த பணம் முழுவதையும் வைத்த கடைசி 30 ஆல்-இன்களில் பணம் உள்ளே போகும்போது யார் கை முன்னால் இருந்தது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் நீங்கள் என்றால் சீட்டு வராததுதான் காரணம், சின்ன மேசை போதும். இல்லை, நள்ளிரவில் விட்டதைப் பிடிக்கப் போய் இழந்தவைதான் அதிகம் என்றால் எந்த பை-இன் கணக்கும் காப்பாற்றாது. இரண்டு பை-இன் போனதும் அன்றைக்கு எழுந்துவிடுங்கள்.

டோர்னமென்ட்டுக்கு இந்த முப்பது பை-இன் கணக்கு பொருந்தாது, அதற்கு 100 பை-இன்னாவது வேண்டும். இந்தியாவிலிருந்து ஆடுவதாக இருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்கிறது.